பம்ப் ஹவுஸ் எதிரே ஒரு நிறுத்தம்

"மனு குடுத்து வாங்கினீங்களா? நீங்க இங்க குடி வந்தப்பவே நிழற்குடைக்குப் பெயின்ட் உரிஞ்சு போயிருந்துச்சு!"

நர்ஸம்மாவின் குரல் குடியிருப்போர் சங்க அறையைத் தாண்டி, பூங்காவில் நடைப்பயிற்சி என்ற பெயரில் உட்கார்ந்திருந்தவர்கள் காதுவரை எட்டியது.

"மெதுவாக்கா. நகர் வரலாறுன்னா கொஞ்சம் கௌரவமா எழுத வேணாமா?" என்றார் செயலாளர்.

விஷயம் இதுதான். 'பம்ப் ஹவுஸ் எதிரே உள்ள நிறுத்தம் எங்கள் பதிவேட்டில் இல்லை. பழைய ஆதாரம் காட்டாவிட்டால் எடுத்துவிடுவோம்' என்று போக்குவரத்து அலுவலகம் கடிதம் போட்டிருந்தது. உடனே செயலாளர் 'நமது நகர்: வரலாறும் வசதிகளும்' எழுத உட்கார்ந்துவிட்டார். வசதிகள் பெரிதாக ஒன்றுமில்லை. பூங்கா ஒன்று, அதில் ஊஞ்சல் ஒன்றரை. நூலகம் ஒன்று, சாவி யாரிடமென்று தெரியாது. உருப்படியானது அந்த நிறுத்தம்தான்; அதைத் தாமே மனு கொடுத்து வாங்கியதாக எழுதி வைத்திருந்தார்.

தனிக்கட்டையான நர்ஸம்மாவுக்கு முட்டி இரண்டும் தேய்ந்து போயிருந்தன. அடுத்த நிறுத்தம் ஒன்றரை கிலோமீட்டர். இது போனால் வீட்டை விற்றுவிட்டு, வெளியூரில் தம்பி வீட்டு மாடியறையில் போய் ஒடுங்க வேண்டியதுதான். தம்பி அறைக்கு வெள்ளையே அடித்துவிட்டான்.

"அப்பல்லாம் காலை டூட்டிக்கு நான் ஓடி வருவேன், இவரு பஸ்ஸ நிறுத்துவாரு. அப்புறம் டெய்லர் நின்னாரு, டீச்சர் நின்னாங்க. அப்படி வந்த நிறுத்தம் இது. சொல்லுங்களேன் டிரைவர் சார்!"

மூலையில் இருந்த ஓய்வுபெற்ற டிரைவர் மின்விசிறியையே பார்த்தார். மனைவியை இழந்தவர், நர்ஸம்மாவுக்கு மூன்றாம் வீடு. "எதுக்குங்க பழசெல்லாம்..."

நர்ஸம்மாவுக்குச் சுருக்கென்றது. எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டாள்.

மறுநாள் காலை டிரைவர் அவள் வாசலில் நின்றார், கையில் ஒரு பழுப்புக் கவர். "படிச்சுட்டு சிரிக்கக் கூடாது."

முப்பத்தோரு வருடத்துக்கு முந்தைய மெமோ. நிறுத்தம் இல்லாத இடத்தில், பம்ப் ஹவுஸ் எதிரே, தினமும் காலை ஐந்து ஐம்பதுக்குப் பேருந்தை நிறுத்திய குற்றம். மூன்று நாள் சஸ்பெண்ட். கூடவே அவர் எழுதிய விளக்கத்தின் நகல்: 'ஒரு நர்ஸ் ஓடி வருகிறார். ஓடி வருகிறவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே வண்டியை எடுக்க எனக்கு வரவில்லை.'

அந்த மூன்று நாளும் அவளுக்கு நினைவிருந்தது. வேறு டிரைவர், நிற்காமல் போய்விட்டான்.

"லீவு போட்டுட்டு ஜாலியா ஊர் சுத்தினீங்களான்னு உங்களப் புடிச்சுக் கத்தினேனே!"

"ஆமா. ரொம்ப ஜாலின்னு நானும் சொன்னேனே."

"ஏன் மறைச்சீங்க?"

"சொல்லியிருந்தா மறுநாள்லேர்ந்து மெயின் ரோட்டு ஸ்டாப்புக்கு நடந்திருப்பீங்க."

நர்ஸம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். அது சுத்தமாகத்தான் இருந்தது.

முப்பத்தோரு வருடம் முன்பே அங்கே பஸ் நின்றதென்று சொன்ன மெமோவில் இருந்த தங்கள் முத்திரையை அலுவலகத்தாராலேயே மறுக்க முடியவில்லை. நிறுத்தம் பதிவேட்டில் ஏறியது. வரலாற்றுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் மெமோ. செயலாளரின் மனு கடைசிப் பக்கத்தில், ஒரே வரி.

செயலாளர் பிறகு மகள் வீட்டோடு போய்விட்டார். அவர் வீட்டில் இப்போது ஒரு பல் டாக்டர். வெள்ளையடித்த மாடியறையைத் தம்பி வாடகைக்கு விட்டுவிட்டான். 'பஸ் ஓட்டின காலத்திலேயே இவங்களுக்குள்ள ஏதாவது...' என்று தெரு விசாரித்துப் பார்த்தது, அப்போது ஒன்றுமில்லையாம். அடுத்த வருடம் நர்ஸம்மாவும் டிரைவரும் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். பதிவு அலுவலகத்துக்கும் பஸ்ஸில்தான் போனார்கள். மணப்பெண் அன்றைக்கும் லேட். மாப்பிள்ளை பஸ் படியில் ஒரு காலை வைத்து, "ஒரு நிமிஷம் தம்பி, வந்துக்கிட்டே இருக்காங்க" என்று வண்டியை நிறுத்தி வைத்திருந்தார்.