கிளற ஒரு மூலை

சாம்பல் கோழியை மடியில் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, இஞ்ச் டேப்பை அதன் இறக்கைக்கு அடியில் கொடுத்து வாங்கினாள் தையல்காரி. கழுத்திலிருந்து வால்வரை முதுகு வெறும் தோலாகக் கிடந்தது. ஆங்காங்கே ஒடிந்த இறகுக் குருத்துகள், சுற்றிலும் ரத்தப் பொட்டுகள். இறகுகள் உதிர்ந்து கிடந்தாலாவது மனசு ஆறும். பெருக்கும்போது ஒன்றுகூட விளக்குமாற்றில் சிக்கவில்லை. எங்கேதான் போகின்றன?

ஒரு மேல்சட்டை தைத்துப் போட்டால் மற்ற கோழிகளால் கொத்த முடியாது என்பது அவள் கணக்கு. வெட்டு மிச்சத்தில் கெட்டித் துணியாக இருந்தது சிவப்பு மட்டும்தான். இறக்கைக்கு இரண்டு வளையம், முதுகுக்கு இரட்டைத் துணி, ஓரமெல்லாம் மடிப்புத் தையல். தைத்த வரையில் குறை சொல்ல முடியாது. ஆனால் சாம்பல் கோழி முற்றத்தில் இறங்கியதும் மற்ற மூன்றும் ஓடிவந்து அந்தச் சிவப்பின் மேல் விழுந்தன. ரத்த நிறத்தைக் கண்டால் கோழி கொத்தும் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. பாய்ந்து சட்டையைக் கழற்றினாள்.

கதவருகே நின்ற அவள் புருஷன், கொத்தனார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "கல்யாணப் பொண்ணு மாதிரி ஜோடிச்சு அனுப்புனா சும்மா விடுவாளுங்களா?"

"சிரிக்காதீங்க. எனக்குப் பத்திக்கிட்டு வருது."

"எல்லாம் அந்தக் கருப்பி வேலை. சாயங்காலம் கறிக்கடைக்காரர வரச் சொல்லியிருக்கேன். அதோட முடிஞ்சுது."

அவள் மறுக்கவில்லை. கருப்பி தீனித் தட்டில் முந்துகிறவள், ஆளைக் கண்டால் முறைக்கிறவள். அவளைச் சந்தேகப்பட யாருக்கும் யோசனையே தேவைப்படவில்லை. அதுதான் தையல்காரியின் நெஞ்சில் முள்ளாக நின்றது. கருப்பி இறகைப் பிடுங்கியதை அவளும் பார்த்ததில்லை, அவரும் பார்த்ததில்லை.

தைக்க வேண்டியது குவிந்து கிடந்தது. மெஷினை மூடிவிட்டுப் பின்வாசல் படியில் போய் உட்கார்ந்தாள். முற்றம் கண்ணாடி மாதிரி மின்னியது. போன கோடையில் கொத்தனார் தன் ஓய்வு நாட்களையெல்லாம் போட்டுப் பூசிய சிமெண்ட். மற்றவர் வீட்டு வேலையில்கூட அவர் அப்படி இழைத்ததில்லை. "இனிமே நீ காயப்போடற துணியில ஒரு பொட்டு சேறு படாது" என்று சொல்லிவிட்டு, வாட்டம் சரியாக இருக்கிறதா என்று ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றி, அது ஓடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. கருப்பி நிழலில் கண்ணை மூடியிருந்தாள். வெள்ளச்சிதான் நடந்துகொண்டிருந்தாள். தினமும் தையல்காரியின் மடியில் ஏறித் தூங்குகிற வெள்ளச்சி. அவள் கால் சிமெண்டைக் கீறியது. இரண்டு கீறல், ஓர் அடி பின்னால், தலையைச் சாய்த்து ஒரு பார்வை. ஒன்றும் வரவில்லை. மறுபடி கீறினாள். நகம் தேய்கிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு சாம்பல் கோழியின் அருகே போனாள். அவள் நடையில் கோபமே இல்லை. சட்டையில் ஒட்டிய நூலை எடுக்கிற மாதிரி, அத்தனை பதவிசாக, ஓர் இறகைப் பிடுங்கினாள். விழுங்கினாள். சாம்பல் கோழி ஒருமுறை சிலிர்த்துவிட்டு அங்கேயே நின்றது.

தையல்காரி தன் மடியைக் கையால் தட்டிவிட்டாள். இத்தனை நாள் தன் மடியில் உறங்கியது எது என்று தனக்குத் தெரியவே தெரியாது என்று தோன்றியது.

சாயங்காலம் கொத்தனார் கருப்பியின் காலைக் கட்டக் கயிறோடு வந்தபோது குறுக்கே நின்றாள்.

"கருப்பி இல்லீங்க. வெள்ளச்சி."

"உன் செல்ல மகளா?" கயிறு கையிலேயே நின்றது. "சரி, அப்ப அவளயே குடுத்துடறேன்."

"அவள அனுப்புனா நாளைக்கு இன்னொருத்தி ஆரம்பிப்பா. அதுங்களுக்குக் கிளற மண்ணு இல்லீங்க. கீறிக் கீறிப் பார்க்குது, ஒண்ணும் கிடைக்கல. அப்புறம் அதுங்க என்ன பண்ணும்?"

அவர் முற்றத்தைப் பார்த்தார். சொன்னதே அதிகம் என்று அவளுக்குப் பட்டது. கொத்தனார் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போனார். கறிக்கடைக்காரர் வந்து வெறுங்கையோடு போனது மட்டும் அவளுக்குத் தெரியும்.

காலையில் உளிச் சத்தத்தில் விழித்தாள். கொத்தனார் குத்துக்காலிட்டு ஒரு மூலையை உடைத்துக்கொண்டிருந்தார். தான் போட்டதைத் தானே உடைப்பதால் அடி ஒவ்வொன்றும் தயங்கித் தயங்கி விழுந்தது.

"முழுசையும் உடைக்க மாட்டேன், சொல்லிட்டேன். மகாராணிங்களுக்கு இந்த மூலை போதும்."

கடைசிப் பாளம் பெயர்ந்தபோது கீழே மண் ஈரமாக, கருப்பாக, ஒன்றுமே நடக்காதது போலக் கிடந்தது. முதலில் குதித்தது வெள்ளச்சிதான்.

முதுகுத் தோல் ஆறும்வரை சாம்பல் கோழியைக் கம்பி வலைக்கு அப்பால் தனியாக வைத்தார்கள். ஒரு காலையில் வெளியே எடுத்து மடியில் வைத்தவள், "என்னங்க, இங்க வாங்களேன்" என்றாள். முதுகெங்கும் நீலம் பாய்ந்த குருத்துகள், ஊசி ஊசியாக. சிலவற்றின் நுனி வெடித்திருந்தது. உள்ளே சுருட்டி வைத்திருந்த இறகு விரிந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு இழையும் அடுத்ததோடு கோத்திருந்தது, மடிப்பில்லை, தையலில்லை. வாழ்நாளெல்லாம் துணியைத் தொட்ட விரல் அதன்மேல் போக அஞ்சியது. கொத்தனார் காய்த்துப்போன விரலால் ஒரு குருத்தைத் தொட்டுவிட்டு வெடுக்கென்று எடுத்தார்.

"சுடுது."

"உள்ள ரத்தம் ஓடுதுங்க."

சாம்பல் கோழி மடியிலிருந்து இறங்கி மண்ணுக்குப் போனது. கிளறிக்கொண்டிருந்த வெள்ளச்சி நிமிர்ந்தாள். அலகில் மண் ஒட்டியிருந்தது. இரண்டடி நெருங்கி, தலையைச் சாய்த்து, ஒற்றைக் கண்ணால் அந்தப் புது இறகைப் பார்த்தாள். தையல்காரி படியிலிருந்து பாதி எழுந்தாள். காற்றில் இறகு லேசாக அசைந்தது. வெள்ளச்சி இன்னும் பார்த்துக்கொண்டிருந்தாள்.