குடலின் காவல்

ஏலக்காய் வியாபாரி மூசாவுக்கு எழுபத்தொரு வயது. பல் பிடுங்கியதற்கு ஒரு வாரம், இருமலுக்கு இரண்டு வாரம் என்று டாக்டரிடம் போகாமலே ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்கினார். அடுத்த மாதம் வயிற்றால் போகத் தொடங்கியது. ஒரு நாளைக்குப் பதினைந்து தடவை. வேட்டி இடுப்பில் நிற்கவில்லை.

மகன் பைரோஸ் போடியிலிருந்து மதுரைக்குக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தான். டாக்டர் அனுப்பிரியா சுற்றி வளைக்கவில்லை.

"குடலுக்குள்ள நல்ல கிருமிங்க கோடிக்கணக்குல இருக்குங்கய்யா. குடலோட எதிர்ப்புச் சக்தியத் தூங்கவிடாம வெச்சிருக்கிறதே அதுகதான். வயசானா அதுகளும் மாறிப்போகும், காவலும் தளரும். இருந்ததையும் மாத்திரை கொன்னுருச்சு. இப்ப ஒரு கெட்ட கிருமி உள்ள உக்காந்து குடலைப் புண்ணாக்குது."

அதற்கான மருந்து இரண்டு முறை கேட்டது. இரண்டு முறையும் நோய் திரும்பி வந்தது.

இனி ஒரு வழிதான் என்றார் டாக்டர். ஆரோக்கியமான ஒருவரின் மலத்தை வடிகட்டி, குழாய் வழியாகக் குடலுக்குள் விட வேண்டும். அதிலிருக்கும் நல்ல கிருமிகள் அங்கே குடியேறும். கொடுப்பவர் மூன்று மாதமாக ஆன்டிபயாடிக் தொட்டிருக்கக் கூடாது.

மூசா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

வீட்டில் அப்படி ஒரு ஆள் இல்லை. பைரோஸ் தொண்டை வலிக்கென்று ஆன்டிபயாடிக் போட்டிருந்தான். மூசாவின் மனைவி மெஹ்ராஜும் நீர்க்கடுப்புக்குப் போட்டிருந்தாள். சோதனையில் தேறியது அவரிடம் வேலை பார்க்கும் ஜீப் டிரைவர் தங்கபாண்டி மட்டும்தான்.

"தானாப் போறதுதானே மொதலாளி," என்று அவன் சிரித்தான். "வெரசா முடிச்சிட்டு ஊருக்குப் போவோம்."

"யோசிச்சுச் சொல்றேன்," என்றார் மூசா.

"இதுல என்னங்க யோசனை?" என்று மெஹ்ராஜ் அழுதாள்.

"நாளைக்கு அவன்கிட்ட எப்படிடி சோலி சொல்லுவேன்?"

இரண்டு நாள் போயிற்று. மூன்றாம் நாள் காலை வயிற்றுப்போக்கு தானாக நின்றிருந்தது. மூசாவுக்கு அப்படி ஒரு நிம்மதி. "பாத்தியா, எவன் தயவும் வேணாம்," என்றார்.

டாக்டர் வந்து அவர் வயிற்றில் கை வைத்தார். வயிறு உப்பி, கல்லாக இருந்தது. அனுப்பிரியாவின் முகம் மாறியதை மூசா பார்த்தார்.

"நிக்கலைங்கய்யா. குடல் செயலிழந்து வீங்கிக் கெடக்கு. எப்ப வேணாலும் வெடிக்கும்."

"அப்ப தங்கபாண்டிய வரச் சொல்லுங்க. சம்மதம்."

"அந்த நேரம் போயிருச்சு."

மதியத்துக்குள் பெருங்குடலை வெட்டி எடுத்தார்கள். உயிர் தப்பியது. வயிற்றின் பக்கவாட்டில் துளையிட்டு, மலம் சேர ஒரு பையை மாட்டியிருந்தார்கள். அது இனி ஆயுளுக்கும் என்றார்கள்.

பதினெட்டு நாள் கழித்துத் தங்கபாண்டிதான் ஜீப்பில் கூட்டி வந்தான். ஒவ்வொரு பள்ளத்திலும் மூசா பையை அழுத்திப் பிடித்துக்கொண்டார். தேனி தாண்டி, அவர் ஏலக்காய் வாங்கப் போகும் மலை தெரிந்தது. வழக்கமாக "மேல போவமா மொதலாளி?" என்று கேட்பவன், ஒன்றும் கேட்காமல் வண்டியை வீட்டுப் பக்கம் திருப்பினான்.