நாற்பத்தெட்டுக் கால்கள்

புதன்கிழமை காலை அசெனாதாவின் படிவங்களைக் கோப்பில் அடுக்கிக்கொண்டிருந்தபோது ஒரே பிறந்த தேதி இரண்டு முறை கண்ணில் பட்டது. எழுதியவர் கை தவறியிருக்கும் என்று நினைத்தேன். நாலு தாள் தள்ளி வேறொரு தேதி, அதுவும் இரண்டு முறை. ஒன்றில் இடது என்றும் மற்றதில் வலது என்றும் எழுதியிருந்தது. முதல் தாளிலிருந்து மறுபடி எண்ண ஆரம்பித்தேன்.

எங்கள் தீவு நாட்டின் தலைநகர் சுவாவில் ஒரு சர்க்கரை நோய் கிளினிக்கில் கால் புண்களுக்குக் கட்டுப் போடும் நர்ஸ் அவள். பாதிப் பேருக்குப் பப்பாளிக் கூழ் வைத்தும் மீதிப் பேருக்கு வழக்கமான உப்புநீர்த் துணி வைத்தும், புண் ஆற எத்தனை நாளாகிறது என்று இரண்டு வருடம் குறித்து வந்தாள். எந்தச் சோதனையால் ஒப்பிடுவது என்று சொன்னவன் நான். கல்லூரியில் புள்ளியியல் வாத்தியார். ஃபோனில் "எத்தனை?" என்று கேட்டேன். "நாப்பத்தெட்டு" என்றாள். டி-டெஸ்ட் போடு, போதும் என்றேன். வாயில் சமோசாவோடு சொன்னதாக ஞாபகம். நாற்பத்தெட்டு என்ன என்று கேட்கத் தோன்றவில்லை, அவ்வளவு பெரிய நிபுணன் நான். அந்தக் கிளினிக்கில் கட்டு காலுக்குத்தானே, அதனால் படிவமும் காலுக்கு ஒன்று. நாற்பத்தெட்டுக் கால்கள். ஆட்கள் இருபத்தொன்பது.

ஒரே ஆளின் இரண்டு கால்களுக்கும் ஒரே சர்க்கரை, ஒரே சாப்பாடு, ஒரே கட்டு. ஒன்று சீக்கிரம் ஆறினால் மற்றதும் அநேகமாக ஆறிவிடும். அவற்றைத் தனித்தனி ஆட்களாகக் கணக்கில் சேர்ப்பது ஒரே சாட்சியை இரண்டு தடவை கூண்டில் ஏற்றுவது மாதிரி. ஆளுக்கு ஒரு சராசரி என்று சுருக்கி மறுபடி போட்டேன். இந்த வித்தியாசம் வெறும் தற்செயலாக வந்திருக்க எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லும் எண், 0.03 ஆக இருந்தது, 0.14 என்று வந்து நின்றது. 0.05க்கு மேலே போனால் எங்கள் தொழிலில் வாயை மூடிக்கொள்ள வேண்டும். மறுநாள்தான், பப்பாளிக் கட்டை வெளித்தீவுக் கிளினிக்குகளுக்கும் கொண்டுபோகலாமா என்று முடிவெடுக்க ஒரு குழு கூடுவதாக இருந்தது.

மழையில் நனைந்துகொண்டே கிளினிக்குக்குப் போனேன். அசெனாதாவின் ஊருக்கும் என் தீவுக்கும் கேலி உறவு. என்ன திட்டினாலும் கோபித்துக்கொள்ளக் கூடாது, முன்னோர்கள் வைத்த ஏற்பாடு. அதனால் நான் சொன்னதும் அவள் சிரித்தாள்.

"பயமுறுத்தாதடா பெனி. உன் தீவுக்காரங்க மண்டையில தேங்காத்தண்ணிதான்னு எனக்குத் தெரியாதா?"

"விளையாட்டு இல்ல."

"போன மாசம் என் ஃபைல் எல்லாம் அழிஞ்சுபோச்சுன்னு சொல்லி அழ விட்டியே, அப்பவும் இப்படித்தான் மூஞ்சிய வச்சிருந்தே."

லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினேன். இரண்டு தேதிகள், இடது, வலது. அவள் முகத்தில் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

"அப்போ பப்பாளி வேலை செய்யலையா?"

"அப்படிச் சொல்லல. செய்யுதுன்னு சொல்றதுக்கு நம்மகிட்ட ஆளு போதாது."

"நான் கண்ணால பாத்தேன்டா. வெளித்தீவுல காலு அழுக ஆரம்பிச்சா படகு வர்றதுக்குள்ள முட்டி வரைக்கும் போயிடுது. மருந்து கிடையாது, துணி கிடையாது. பப்பாளி மரம் இருக்கு." குரலைத் தாழ்த்தினாள். "நாளைக்குக் கூட்டம் முடியட்டும். அப்புறம் கண்டுபிடி."

சரி என்று சொல்லிவிடத்தான் நாக்கு துடித்தது. என் தப்பையும் சேர்த்து மறைத்திருக்கலாம். பப்பாளியை நம்பி வேறு வைத்தியத்துக்குப் போகாமல் ஒரே ஒருவர் காலை இழந்தாலும் அது என் டி-டெஸ்ட்டால்தான் என்று நினைத்தபோது கூசியது. தலையை ஆட்டினேன், முடியாது என்று.

"அப்ப குழுவுக்கு நீயே ஃபோன் பண்ணு. டெஸ்ட்ட சொன்னது நீதானே."

பண்ணினேன். தப்பு என்னுடையது என்று இரண்டு தடவை சொன்னேன். அந்தப் பக்கம் பேசிய அம்மாள், நாளைய பட்டியலிலிருந்து பப்பாளிக் கட்டை எடுத்துவிடுவதாகவும் அடுத்த கூட்டம் எப்போது என்று தெரியாது என்றும் சொல்லி வைத்துவிட்டாள். அசெனாதா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

கதவருகே பெஞ்சில் சிதிவேனி என்ற மீனவர் பழைய கட்டுகளை அவிழ்த்துவிட்டு, இரண்டு பாதங்களையும் பிளாஸ்டிக் முக்காலிமேல் வைத்துக் காத்திருந்தார்.

"சிஸ்டர், இன்னிக்கும் பப்பாளிதானே? போன தடவை ரொம்ப சுகமா இருந்துச்சு."

அசெனாதா கழுவி வைத்திருந்த பழத்தை எடுத்தாள். கத்தியை அதன்மேல் வைத்தாள், அறுக்கவில்லை. என் பக்கம் திரும்பினாள்.

"அவருக்குச் சொல்லு, பெனி."

மீனவர் என்னைப் பார்த்துப் பிரியமாகச் சிரித்து, இரண்டு கால்களையும் இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினார்.