ஒட்டுச் சிரிப்பு

“அந்தச் சிரிப்பை எடுத்து இதுல ஒட்டுன்னா ஒட்ட வேண்டியதுதானே, அதுல உனக்கு என்ன—”

“மாட்டேன்னா மாட்டேன். நீ எவ்வளவு கத்தினாலும்—”

“யாரு கத்துறா? தெருமுனை வரைக்கும் உன் குரல்தான் கேக்குது!”

ஸ்டூடியோ அண்ணனுடையது. கேமராவும் கம்ப்யூட்டரும் தங்கையின் கையில். போன மாதம் அவள் எடுத்த கல்யாணப் படங்களில் ஒன்றில்கூட மணப்பெண் சிரிக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் ஆல்பத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

மணப்பெண் தெரிந்த பெண்தான். சனிக்கிழமைகளில் ஸ்டூடியோவின் பின்னறையில் தங்கை பெண்பிள்ளைகளுக்குப் படமெடுக்கச் சொல்லிக்கொடுத்தபோது முதல் ஆளாக வந்து நின்றவள். வாய் ஓயாமல் பேசுவாள், அதனால் எல்லாருக்கும் அவள் குருவி. அந்த வகுப்பில் ஒரே ஒரு சட்டம்தான். எந்தப் பெண்ணையும் பார்த்து ‘கொஞ்சம் சிரிம்மா’ என்று யாரும் சொல்லக் கூடாது. அவள் முகம், அவள் இஷ்டம்.

கல்யாணத்தன்றும் தங்கை சொல்லவில்லை.

“சிரிம்மான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வாயிலேர்ந்து முத்தா உதிர்ந்திருக்கும்?”

“நீ சொல்லிச் சொல்லித்தான் ஊர்ல பாதிப் பொண்ணுங்களுக்குத் தாடை வலி.”

“நக்கலுக்குக் குறைச்சல் இல்ல. உன் பின்னறைப் படத்துல ஈன்னு இளிச்சுக்கிட்டுதானே நிக்கிறா? அந்த முகத்தை வெட்டி இந்தக் கழுத்துல வை. எத்தனை பேருக்கு வெச்சிருக்கோம்!”

“அது அவ சிரிப்பு. மாமியார் கேட்டாங்கன்னு எடுத்துக் கொடுக்க நான் யாரு?”

கண்ணாடிக் கதவு திறந்தது. குருவி நின்றாள். வெளியே பைக்கை அணைக்காமல் அவள் கணவன்.

அண்ணனின் குரல் தேனாகிவிட்டது. “வாம்மா, வா. உட்காரு. ஃபேன் போடவா?”

அவள் உட்காரவில்லை. “அக்கா, ஒட்டிடுங்க.”

“சொல்லிக்கொடுத்து அனுப்பினாங்களா?”

“இல்லக்கா. வீட்டுக்கு யார் வந்தாலும் அத்தை போன்ல அந்தக் கல்யாணப் படத்தைத்தான் காட்டுறாங்க. ‘எங்க பையனைப் பிடிக்காமத்தானே மூஞ்சியைத் தூக்கி வெச்சிருந்தே’ன்னு எல்லார் முன்னாடியும் கேக்குறாங்க. கதவைச் சாத்தினதும் அவரும் அதையே கேக்குறாரு.” முந்தானையை இழுத்து முழங்கையை மூடிக்கொண்டாள். “வெறும் கேள்வியோட நின்னா பரவாயில்ல.”

அண்ணன் மேசையைத் துடைக்க ஆரம்பித்தான். அது ஏற்கெனவே துடைத்த மேசை.

“உங்க அம்மா வீட்டுக்குப் போலாம் வா, பேசிப் பாக்கலாம்” என்றாள் தங்கை.

“என் அம்மாதான்க்கா இங்க வரச் சொன்னாங்க. ஒட்டினா தீர்ந்துடும்னாங்க.”

தங்கையின் குரல் இறங்கியது. “அன்னிக்கு நானும் ‘சிரிம்மா’ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும்.”

“நீங்க ஒருத்தர்தான்க்கா சொல்லல.”

தங்கை கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். சனிக்கிழமைப் படத்தைத் திறந்தாள். கழுத்தில் கேமரா தொங்க, பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிற குருவி. தாடையோரமாக வெட்டினாள். மணப்பெண்ணின் கழுத்தில் வைத்தாள். நிறத்தைக் கொஞ்சம் ஏற்றி, நிழலைக் கொஞ்சம் இறக்கினாள். நன்றாகவே பொருந்தியது.

வெளியே ஹாரன் அடித்தது. மறுபடியும் அடித்தது.

குருவி திரைக்குக் கிட்டே குனிந்தாள். மணப்பெண்ணைப் பார்க்கவில்லை, பக்கத்தில் திறந்தபடி கிடந்த பழைய படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அன்னிக்கு எதுக்குக்கா நான் இப்படிச் சிரிச்சேன்?”