காற்றாடிகள் ஓய்ந்த நேரம்

பதினொன்று இருபத்தொன்பது.

கரையில் வரிசையாக நிற்கும் மின்சாரக் காற்றாடிகளில் மேற்குக் கோடியில் இருந்தது முதலில் ஓய்ந்தது. பிறகு அடுத்தது. பிறகு அதற்கடுத்தது.

படகில் தனியாக இருந்த சந்தியோகு கைக்கடிகாரத்தைப் பார்த்தான். பதினொன்று பத்துக்கு முன்னும் இப்படித்தான் ஓய்ந்தன. பத்துக்கு ஒரு காற்று வந்து அடித்துவிட்டுப் போனது. இருபத்திரண்டுக்கு இன்னொன்று, படகே சரிந்தது. பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒன்று. அப்படியானால் அடுத்தது முப்பத்திநாலுக்கு!

தலைக்கு மேலே முகில்கள், வற்றுக்கடல் விட்டுப்போன மணல்வரிகளைப் போல.

போன மாதம் மீனவர் சங்கக் கூட்டத்தில் காலநிலை அலுவலக ஆள் சொன்னது இதைத்தான். "காத்தும் கடல் மாதிரித்தான். மேல தள்ளுப்பட்டா தன்ர பாரத்தில கீழ விழும், திரும்ப எழும்பும். அலையலையா வரும். முன்னுக்கு வாறது சின்னன். பின்னுக்கு வாறது மழையையும் இழுத்துக்கொண்டு வரும்."

"அப்ப ஆகாயத்திலயும் வலை போடலாமோ சேர்?" என்று கேட்டுக் கூட்டத்தைச் சிரிக்க வைத்தவன் முனவ்வர்.

அந்த முனவ்வர்தான் இப்போது ஆறு பாகம், முப்பத்தாறு அடி ஆழத்தில், முதுகில் சிலிண்டரோடு கடலட்டை பொறுக்கிக்கொண்டிருந்தான்.

சந்தியோகு அவன் இடுப்பில் கட்டிவிட்ட சைகைக் கயிற்றை மூன்று முறை இழுத்தான். மூன்றென்றால் 'மேலே வா'.

கீழிருந்து ஓர் இழுப்பு. 'சுகம்.'

"என்ன சுகம்? வாடா மேல!"

மீண்டும் மூன்று. மீண்டும் ஒன்று. அப்போதுதான் புரிந்தது: ஆடுகிற படகு ஓயாமல் கயிற்றை வெட்டி வெட்டி இழுக்கிறது. கடலின் இழுப்பும் இவன் இழுப்பும் கீழே இருப்பவனுக்கு ஒரே மாதிரித்தான். ஆளைத் தூக்குகிற கயிறும் அல்ல அது, மெல்லிய நூல்.

முப்பத்திரண்டு. மேற்கே கடல் கறுத்திருந்தது.

ஆள் கீழே இருந்தால் எஞ்சினைத் தொடக்கூடாது. சந்தியோகுவே போட்ட சட்டம் அது.

கியர் போடாமல், சத்தம் மட்டும் கீழே கேட்கும்படி எஞ்சினை முடுக்கினான். அணைத்தான். முடுக்கினான். அணைத்தான். "யேசுவே, பயந்தெண்டாலும் வரட்டும்!"

முப்பத்திமூன்று. படகோரம் குமிழிகள், கண்ணாடி போட்ட ஒரு தலை.

"விசரோ அண்ணை உங்களுக்கு? என்ர காலை வெட்டவோ..."

மேற்குக் கோடிக் காற்றாடி சடாரென்று சுழன்றது. அதைப் பார்த்த முனவ்வர் படகின் விளிம்பைப் பற்றினான். "யா அல்லாஹ்!"

சந்தியோகு அவனைத் தோள்பட்டியில் பிடித்துப் படகுக்குள் இழுத்துப் போட்டான். சிலிண்டர் மோதிய சத்தம் கேட்கவில்லை, காற்று முந்திக்கொண்டது. மழைக்குள் கரை மறைந்தது. படகின் மூக்கை அலைக்கு நேரே திருப்பினான்.

"இது எப்பண்ணை முடியும்?" வாளியால் தண்ணீர் இறைத்தபடி முனவ்வர் கத்தினான்.

"முடியிறது தெரியாது. அடுத்ததுக்குப் பன்னிரண்டு நிமிசம் இருக்கு. பேசாம இறை!"