ஐந்து நாள் புழு

அத்தானுக்கு வெள்ளைக் கோட்டு என்றால் உயிர். புழுவைத் தொட்டுப் பத்து வருஷம் ஆகியும் கோட்டை மட்டும் கழற்றியதில்லை. மயிரிழை போன்ற உருளைப்புழுக்களைக் கம்பி முனையால் ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டு மாற்றுவதெல்லாம் கொழுந்தியாள் தலையில். அத்தான் நடத்தும் ஆய்வுக்கூடத்தில் அவளுக்குப் பெயர் 'ஊசி'. வேலை வாங்கித் தந்தவர் அத்தான் என்பதை அக்கா வாரம் தவறாமல் சொல்லிக்காட்டுவாள்.

அந்தப் புழுக்களுக்கு உடம்பில் ஒரு ஹார்மோன் சுரந்தால்தான் இளம்புழு பெரிய புழுவாகும். இல்லாவிட்டால் வாயை அடைத்துக்கொண்டு, மெலிந்து, மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். ஹார்மோன் சரியாகச் சுரக்காத ரகம் ஒன்றை அத்தான் வைத்திருந்தார். வெப்பத்தில் அது வளராது, குளிர்ச்சியில் வளர்ந்துவிடும். தன் மருந்தைப் போட்டால் வெப்பத்திலும் வளர்கிறது என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தார்.

வளரத்தான் செய்தன. ஆனால் ஐந்து நாள் ஆயிற்று. ஊசிக்கு அதுதான் உறுத்தியது. இருபத்தைந்து டிகிரியில் வளரும் புழுவுக்கு மூன்று நாள் தாராளம். மருந்துத் தட்டுகள் மட்டும் இருந்த பழைய வெப்பப் பெட்டிக்குள் வெப்பமானியை வைத்தாள். பெட்டியின் வெளிமுள் இருபத்தைந்தில் நின்றது, உள்ளே பதினாறு. மருந்தே போடாத தட்டுகளையும் அங்கே வைத்தாள். ஐந்தாம் நாள் அத்தனையும் கொழுகொழுவென்று நெளிந்தன.

"அத்தான், மருந்து வேலை செய்யல. பெட்டிதான் குளிர்ந்து கிடக்கு."

"நீ தட்டு கழுவுற வேலையைப் பாரு. ஹார்மோனைப் பத்தி எனக்கே பாடமா?"

"பாடம் வேணாம். கையை உள்ள விட்டுப் பாருங்க, போதும்."

அவர் விடவில்லை. கோட்டு கசங்கிவிடும் போலிருக்கிறது. அவள் எல்லாவற்றையும் மின்னஞ்சலிலும் எழுதி அனுப்பினாள். 'தேவையில்லாத வேலை' என்று பதில் வந்தது.

அடுத்த மாதம் மதிப்பீட்டுக் குழு வந்தது. அத்தான் ஒரு மணி நேரம் முழங்கினார். குழுவில் இருந்த அம்மாள் கேட்டார்: "ஏன் அஞ்சு நாள் ஆகுது?"

"அது மருந்தோட நுட்பம், மேடம்."

ஊசிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்த அம்மாள் திரும்பி, "எதுக்குச் சிரிப்பு?" என்றார். அவள் பெட்டி விஷயத்தைச் சொன்னாள். எல்லோரும் பெட்டியிடம் போனார்கள். அம்மாள் கையை உள்ளே விட்டுவிட்டு, "ஜில்லுனு இருக்கே" என்றார்.

"பெட்டி இவ பொறுப்பு, மேடம்" என்றார் அத்தான் சட்டென்று. "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல."

அதுவரை அவரை வெறும் மடையர் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

"சொன்னேன். எழுதியும் அனுப்பினேன். உங்க பதிலைக் காட்டட்டுமா, சார்?"

அத்தான் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

ஆராய்ச்சி நின்றது. ஊசி மேல்மாடி ஆய்வுக்கூடத்துக்கு மாறிக்கொண்டாள். ஆறு மாதம் முகம்கொடுத்துப் பேசாத அக்கா, ஒருநாள் மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாள். பக்கத்து வீட்டுத் தம்பதியிடம் அத்தான் அளந்துகொண்டிருந்தார்: "பொறாமை பிடிச்சவங்க, ஆராய்ச்சியையே முடக்கிட்டாங்க."

எதிரே உட்கார்ந்திருந்த ஊசி சோற்றைப் பிசைந்து சாப்பிட்டு முடித்து, கை கழுவினாள்.

வாசல்வரை கூடவே வந்த அக்கா கேட்டாள்: "ஏண்டி, அவரை ஒண்ணும் சொல்லல?"

"எவரைக்கா?" என்று கேட்டுவிட்டுச் செருப்பை மாட்டினாள் ஊசி.