முங்கி எழும் நெட்டி

தம்பி இராஜாங்கம் செத்து இருபத்திரண்டு நாளாகியும் ஐயாவுக்குக் காதில் ஒரே சத்தம்தான். பொளக். விரால் மூச்சு வாங்க மேலே வந்து வாயைத் திறந்து மூடும்போது குளத்தில் கேட்குமே, அந்தச் சத்தம். குளத்தில் கேட்டால் பரவாயில்லை. குடத்துக்குள் கேட்டது. உலையில் கேட்டது. கார்த்திகை மழைக்குக் கூரை ஒழுகும் இடத்தில் வைத்த சட்டியிலும் கேட்டது. ஒவ்வொரு தடவையும் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்ப்பான். தண்ணீர் சும்மாதான் இருக்கும்.

"என்ன மாமா பாக்குறீங்க?" என்பாள் செவ்வந்தி. இராஜாங்கத்தின் பெண்சாதி. தம்பி போன பிறகு, மூன்று வயது மகள் பொன்னுத்தாயோடு ஐயாவு குடிசைக்கே வந்துவிட்டாள். ஐயாவுக்குப் பெண்டாட்டியும் இல்லை, பிள்ளையும் இல்லை. அவனுக்கென்று உலகத்தில் மிச்சம் இருந்தது இந்த இரண்டு பேர்தான்.

"ஒண்ணுமில்ல தாயி" என்பான். சொல்லிவிட்டு மூலையில் இருக்கும் டிரங்குப் பெட்டியைப் பார்க்காமல் இருக்கப் பாடுபடுவான். அந்தப் பெட்டிக்குள்தான் எல்லாம் இருந்தது.

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே ஐயாவைத் தெரியாத தூண்டில்காரன் கிடையாது. அவன் கையில் எது கிடைத்தாலும் அது மீனை ஏமாற்றும். சைக்கிள் டியூபை வெட்டித் தவளை செய்வான். இழுத்தால் இரண்டு காலையும் உதைத்து நீந்தும். பற்பசை தீர்ந்துபோன தகரக் குழாயைத் தேய்த்துக் கெண்டைக்குஞ்சு செய்வான். வெயிலில் மினுமினுவென்று திரும்பும். குடைக்கம்பியில் முள், சேவல் இறகில் துடுப்பு. எல்லாவற்றுக்கும் உடம்பு நெட்டிதான். குளத்தில் தானாக முளைத்துக் கிடக்கும் தண்டு, காய்ந்தால் பஞ்சு மாதிரி கனமே இருக்காது. அதைக் கட்ட அவன் போடும் முடிச்சு அவனுக்கு மட்டுமே வரும். மூன்று சுற்று, உள்ளே ஒரு மடக்கு. தண்ணீரில் ஊற ஊற இறுகும்.

கெட்டிக்காரன்தான். ஆனால் அந்தக் கெட்டிக்காரத்தனத்தை யாராவது மெச்ச வேண்டும் அவனுக்கு. அந்த ஒரு பாழாய்ப்போன ஆசைதான் அவன் குடியைக் கெடுத்தது.

அந்த வருஷம் குறுவை அறுப்புக்குக் கூலி உயர்த்திக் கேட்டு விவசாயக் கூலிகளின் சங்கம் செங்கொடி ஏற்றியது. சுவரெல்லாம் உதயசூரியன் வரைந்திருந்த காலம். ஆட்சி மாறிவிட்டது, எளியவனுக்கும் நாள் வந்துவிட்டது என்று மேடைக்கு மேடை சொன்னார்கள். களத்துமேட்டுக்கு அந்தச் சேதி வந்து சேரவில்லை. பண்ணைக்காரர்கள் வெளியூர் ஆளை இறக்கி அறுக்கப் பார்த்தார்கள். மறியலில் முன்னால் நின்றவன் இராஜாங்கம். கைகலப்பில் பண்ணை ஆள் ஒருவனுக்கு மண்டை உடைந்தது. யார் அடித்ததோ, பழி இராஜாங்கத்தின் மேல் விழுந்தது.

அவன் அய்யனார் குளத்து எதிர்க்கரைத் தாழங்காட்டுக்குள் போய் ஒளிந்துகொண்டான். முள்ளும் பாம்பும் அடைந்த காடு. பண்ணை ஆட்கள் உள்ளே போகப் பயந்தார்கள். செவ்வந்தி புல்லுக்கட்டுக்குள் சோறு வைத்துக் கொண்டுபோனாள். அதைக் கண்டுபிடித்துத் தடுத்தார்கள். நாலு நாள் பட்டினி. இராஜாங்கம் வெளியே வரவில்லை.

ஐந்தாம் நாள் காலையில் வாய்க்கால் கரையில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஐயாவின் பக்கத்தில் வந்து நின்றார் பண்ணைக் காரியஸ்தர் ரெங்கசாமி. தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டால் வாயே திறக்கக் கூடாது என்று ஐயாவு பல்லைக் கடித்துக்கொண்டான். ஆனால் அவர் கேட்டது மீனைப் பற்றி.

"ஏண்டா ஐயாவு, பசிக்குக் கடிக்காத மீன என்ன செய்வ?"

மடையன். அந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று ஒரு கணம் நினைத்துப் பார்த்திருக்கலாம். தொழிலைப் பற்றிக் கேட்டதும் அவனுக்கு மனம் குளிர்ந்துவிட்டது.

"குஞ்சோட நிக்கிற விரால்தான் அப்படிங்கய்யா. பத்து நாளு தின்னாமக் கெடக்கும். புழுவப் போடுங்க, தவளையப் போடுங்க, ஏறிட்டுப் பாக்காது. அதுக்குப் பசியக் காட்டக் கூடாதுங்க. குஞ்சுக்கு ஆபத்துன்னு காட்டணும். அப்புறம் அது யோசிக்காது. பாஞ்சு வந்துடும்."

"எப்படிக் காட்டுவ?"

விரால் குஞ்சு செக்கச்செவேலென்று கூட்டமாக முங்கி முங்கி எழும். அதே மாதிரி நெட்டியில் சிவப்பு நூல் சுற்றி, முங்கவும் எழவும் வைக்க வேண்டும். ஐயாவு செய்தே காட்டினான். அடியில் ஒரு கல், கல்லில் வளையம், வளையத்துக்குள் தூண்டில் நரம்பு. கரையிலிருந்து இழுத்தால் முங்கும், விட்டால் எழும். ரெங்கசாமி குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"இதே மாதிரி பெரிசா ஒண்ணு வேணும்டா. மொழ நீளத்துக்கு. மொதலாளி வூட்டுப் பேரப்புள்ள வெளையாடக் கேக்குது."

சாயங்காலத்துக்குள் கட்டி முடித்து, வாய்க்காலில் விட்டு இழுத்துக் காட்டினான். முங்கியது, எழுந்தது. பொளக்.

"நல்லாத்தான்டா செஞ்சிருக்க" என்றார் ரெங்கசாமி. ஐயாவுக்கு அன்று ராத்திரி சோறு கூட வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் வேலியில் காயப்போட்டிருந்த பொன்னுத்தாயின் சிவப்புச் சட்டையைக் காணோம். சங்கக் கொடிக்கு வாங்கிய துணியில் மிச்சத்தை இராஜாங்கமே தைத்துப் போட்ட சட்டை. ஆடு இழுத்துக்கொண்டு போயிருக்கும் என்று செவ்வந்தி திட்டித் தீர்த்தாள். அன்று மத்தியானமே குளத்தில் இராஜாங்கத்தின் பிணம் மிதந்தது. பசி மயக்கத்தில் தவறி விழுந்துவிட்டான் என்றது பண்ணை. எட்டு வயதில் காட்டாற்றை நீந்திக் கடந்தவன் அவன்.

மூன்றாம் நாள் கோரைப்புல்லுக்குள் ஒதுங்கிக் கிடந்ததை ஐயாவுதான் எடுத்தான். ஊறிப்போன சிவப்புச் சட்டை. உள்ளே நெட்டிக் கட்டு. அறுந்த நரம்பு. மூன்று சுற்று, உள்ளே ஒரு மடக்கு. அப்படியே சேற்றில் உட்கார்ந்தான். தாழங்காட்டு இடுக்கு வழியாகத் தம்பி என்ன பார்த்திருப்பான் என்று அவனுக்குத் தெரிந்தது. கரையோரக் கோரைக்குள் கம்போடு எத்தனை பேர் பதுங்கியிருந்தார்களோ, அது மட்டும்தான் தெரியவில்லை.

யாரிடம் சொல்வது? சொன்னால் பண்ணை சும்மா விடாது என்பது ஒரு பயம். அது சின்னப் பயம். செவ்வந்தி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள் என்பது பெரிய பயம். சட்டையை டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினான். அன்றையிலிருந்துதான் அந்தச் சத்தம். தூண்டில் போட்டாலும் பெரிய விரால் ஒன்று பொய் இரைக்குப் பின்னாலேயே வரும், ஒரு சாண் தூரத்தில் நிற்கும், அவனையே பார்க்கும். கடிக்காது. நாலு நாள் பார்த்துவிட்டுத் தூண்டிலை முறித்து அடுப்பில் போட்டான்.

இருபத்திரண்டாம் நாள் ஆர்.டி.ஓ. விசாரணைக்கு வந்தார். குளக்கரையில் நாற்காலி போட்டார்கள். ஊர் மொத்தமும் நின்றது. ரெங்கசாமி பசி மயக்கக் கதையைச் சொன்னார்.

"அவுரு ஏன் தண்ணிக்கு வந்தாரு?" பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டாள் செவ்வந்தி. "அஞ்சு நாளு பட்டினி கெடந்தும் வராத மனுசன் அன்னிக்கு எதுக்கு வந்தாரு? அத மட்டும் யாராச்சும் சொல்லுங்க."

குமாஸ்தா பசி மயக்கம் என்றே எழுதத் தொடங்கினார். குளத்தில் எங்கோ ஒரு விரால் மூச்சு வாங்கியது. பொளக்.

ஐயாவு குடிசைக்கு ஓடினான். பெட்டியோடு திரும்பி வந்தான். சட்டையை எடுத்து எல்லோருக்கும் முன்னால் வைத்தான்.

"கட்டுனது நாந்தாங்க. கேட்டு வாங்குனது காரியஸ்தரு" என்று ஆரம்பித்து, வாய்க்கால் கரையில் பேசிய பேச்சு வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னான். செவ்வந்தியின் பக்கம் அவன் பார்க்கவில்லை.

ரெங்கசாமி சிரித்தார். "வெளையாட்டுச் சாமான் கேட்டேன், வாஸ்தவம். அதுக்கு இவன் கட்டுற கதையப் பாருங்க சார். துணி மெதக்குறதப் பாத்து ஒரு ஆம்பள குதிப்பானா?"

ஆர்.டி.ஓ.வும் அதைத்தான் நினைத்தார். "நம்புற மாதிரி இல்லையேப்பா" என்றார்.

"விட்டுக் காட்டுறேங்க."

கரையில் கிடந்த கல்லில் ஒரு வளையத்தைக் கட்டினான். வளையத்தில் புது நரம்பைக் கோத்துக் கல்லைக் குளத்தில் இறக்கினான். அது தொழில் தெரிந்த கை, தப்பாகச் செய்ய அதற்கு வரவில்லை. சிவப்புச் சட்டை நீரில் இறங்கியது. இழுத்தான், முங்கியது. விட்டான், எழுந்தது. மறுபடி முங்கியது. இந்தத் தடவை மெதுவாக, ஒரு பக்கம் சாய்ந்து எழுந்தது.

தடாலென்று தண்ணீர் தெறித்தது.

செவ்வந்தி குளத்துக்குள் இருந்தாள். எல்லாக் கதையையும் காதால் கேட்டவள். பிள்ளை அவள் இடுப்பிலேயே இருந்தது. அந்தப் பிள்ளையோடுதான் பாய்ந்திருந்தாள். கழுத்தளவு நீரில் ஒரு கையை நீட்டிச் சட்டையைப் பிடித்து மார்போடு இறுக்கிக்கொண்டாள். நனைந்த பொன்னுத்தாய் வீறிட்டு அழுத பிறகுதான் அவளுக்குத் தன் இடது கை நினைவுக்கு வந்தது.

ஆர்.டி.ஓ. எழுந்து நின்றார். குமாஸ்தாவிடமிருந்து தாளை வாங்கி இரண்டாகக் கிழித்தார். "காரியஸ்தர் இங்கேயே இருக்கணும்" என்று உடன் வந்த போலீஸ்காரரிடம் சொன்னார். ரெங்கசாமியின் முகத்தில் சிரிப்பு செத்துப்போயிருந்தது.

செவ்வந்தி தண்ணீர் சொட்டச் சொட்டக் கரையேறி ஐயாவின் முன்னால் வந்து நின்றாள். சட்டையின் கட்டை அவிழ்க்கப் பார்த்தாள். ஊறி இறுகிய முடிச்சு அவளுக்கு வரவில்லை. அவனிடம் நீட்டினாள். அவன் அவிழ்த்தான். நெட்டி ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தது. சட்டையைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டாள்.

"தாயி" என்றான் ஐயாவு.

"நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க மாமா" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, தன் அம்மா ஊருக்குப் போகும் வரப்பில் இறங்கி நடந்தாள்.